தூசி தெரிகிற கேமரா

மேனேஜர் துளசிராமன் சார் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்து சொன்னதும், என் விண்ணப்பத்துக்குப் பதில் வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கிரைண்டிங் ஷெட்டிலிருந்து ஸ்டோருக்கு மாற்றித் தரும்படி, டாக்டர் சீட்டையும் வைத்து, மூன்றாவது தடவையாக எழுதிக் கொடுத்திருந்தேன்.

பதினோரு வருடமாக எனக்கு ஒரே வேலை. உலையிலிருந்து வருகிற வார்ப்பு இரும்பில் மண்ணும் பிசிறும் ஒட்டிக்கொண்டிருக்கும். சுற்றுகிற கல்லில் வைத்து அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். என் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், "இனிமே தூசியில உக்காராதப்பா, இருக்கற மூச்சையாவது காப்பாத்திக்கோ" என்று சொல்லிவிட்டார். வேறு கம்பெனிக்குப் போகலாம் என்றால் அங்கேயும் நெஞ்சுப் படம் கேட்பார்கள். என் படத்தைப் பார்த்தால் கேட்டோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். இங்கே ஸ்டோரில் ஒரு ஆள் மாசக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். எனக்கு வெளியே வர இருந்தது அந்த ஒரு வாசல்தான்.

மேனேஜர் ரூமில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சார் விண்ணப்பத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

"யேசுதாஸ், ஃபாரின் கஸ்டமருக்கு அனுப்பறதுக்கு நம்ம கம்பெனியப் பத்தி ஒரு படம் எடுக்கறோம். வீடியோக்காரர் வந்திருக்கார். ரெண்டு கேமரா கொண்டாந்து டெஸ்ட் பண்ணிப் பாக்கணும்ங்கறார். உனக்கு எல்லா எடமும் தெரியும். கூடப் போ."

"சார், என் லெட்டர்..."

"அது அப்புறம் பாக்கலாம். மொதல்ல இதப் பாரு."

வீடியோக்காரர் வாசலில் ஒரு ஆம்னி வண்டியில் சாய்ந்து நின்றிருந்தார். பெயர் ஷேக் தாவூத். பழவேற்காட்டுக்காரர், கும்மிடிப்பூண்டி பஜாரில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். என்னைவிடப் பத்து வயசு சின்னவர். வண்டிக்குள் ஒரு டிவி, இரண்டு கேமராப் பெட்டி. கேமரா இரண்டும் சென்னையில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்ததாம்.

"இதுல ஒண்ண இந்த வாரமே சொந்தமா வாங்கணும் அண்ணே" என்றார். "கம்பெனி மூணு படம் தரேன்னு சொல்லியிருக்குது. அத நம்பித்தான் எறங்கறேன். தப்பா வாங்கிட்டா அஞ்சு வருஷம் அதக் கட்டிக்கினு அழுவணும்."

பெரிய கேமரா தோளில் வைக்கிறது, டேப்பு போடுகிறது. சின்னது கையில் பிடிக்கிறது, டேப்பு கிடையாது, கார்டு.

"பாய், பெருசுதான நல்லது?" என்று கேட்டேன்.

"கல்யாண ஊட்டுக்குப் பெருசுதான். தோள்ல வெச்சுக்கினு நின்னா சம்பந்திங்களே நகந்து வழி உடுவாங்க. டேப்பு ஒரு மணி நேரம் ஓடும். இந்தச் சின்னது சினிமா கணக்கா எடுக்கும். ஆனா கார்டு எட்டு நிமிஷத்துல ரொம்பிடும். தாலி கட்டற நேரத்துல, 'கொஞ்சம் இருங்க, கார்டு மாத்திக்கறேன்'னு சொல்ல முடியுமா? போன மாசம் ஊத்துக்கோட்டையில ஒரு நிக்காஹ். இதே மாதிரி ஒண்ண எரவல் வாங்கிக்கினு போயிருந்தேன். பொண்ணோட சாச்சா வந்து, 'தம்பி, வீடியோக்காரர் எப்ப வருவாரு?'ன்னு என்னையே கேக்கறார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் இருமல் வரும். வந்தது. இருமி முடிக்கிற வரைக்கும் பாய் கேமரா ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முற்றத்தில் எடுத்தோம். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தது. உலைக்குப் பக்கத்தில் எடுத்தோம். பெரிய கேமராவில் உருகின இரும்பு வெறும் வெள்ளையாகத் தெரிந்தது, சின்னதில் ஆரஞ்சு நிறமும் அதற்குள் மஞ்சளும் பிரிந்து தெரிந்தது. பாய் சப்புக்கொட்டினார். அப்புறம் கிரைண்டிங் ஷெட்டுக்கு வந்தோம்.

ஷெட்டின் கூரையில் ஒரு ஷீட்டு உடைந்திருக்கும். பத்து மணிக்கு வெயில் அந்த ஓட்டை வழியாகச் சாய்ந்து நேராக என் கல்லின்மேல் விழும். "சும்மா எப்பவும் போல வேல செய்யுங்க அண்ணே" என்றார் பாய். மூக்கில் கட்டியிருந்த துணியை மட்டும் கழுத்துக்கு இறக்கச் சொன்னார். இரண்டு கேமராவிலும் எடுத்துவிட்டு டிவியில் போட்டுக் காட்டினார். பக்கத்துக் கல்லில் வேலை செய்கிற சுப்பிரமணியும் எழுந்து வந்தான்.

பெரிய கேமராவில் எடுத்ததில் வெயில் ஒரு வெள்ளைத் திட்டு. அதற்குக் கீழே கறுப்பாக ஓர் உருவம். அது நான்தானாம்.

சின்னதில் எடுத்ததைப் போட்டார்.

தூசி இருக்கிறது என்பது எனக்குத் தெரியாததா? பதினோரு வருடம் துப்பினேன், துணியில் பார்த்தேன், சோற்றில் கடித்தேன். ஆனால் அது எப்படி உள்ளே போகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். வெயிலுக்குள் ஒவ்வொரு பொடியும் தனித்தனியாக மிதந்தது. நான் மூச்சை இழுத்தபோது அதெல்லாம் என் முகத்துப் பக்கம் வளைந்து வந்தது. மூச்சை விட்டபோது கொஞ்சம் விலகிப் போனது. போய்விட்டு மறுபடி வளைந்து வந்தது. என் கண்ணிமை முடியில்கூடப் பொடி உட்கார்ந்திருந்தது.

"டேய் யேசு, உன் மூக்குக்குள்ள ஊர்கோலம் போவுதுடா" என்றான் சுப்பிரமணி. பிறகு தன் மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

டாக்டர் சீட்டை நம்பாத மேனேஜர் இதைப் பார்த்தால் நம்பாமல் இருக்க முடியுமா? நான் மூன்று விண்ணப்பத்தில் எழுதத் தெரியாமல் எழுதியது அத்தனையும் அந்த டிவியில் ஓடிக்கொண்டிருந்தது.

பாய் பெரிய கேமராவையே தடவிக்கொண்டிருந்தார். "மாசத்துக்கு நாலு கல்யாணம் வருது அண்ணே. கம்பெனி படம் வருஷத்துக்கு ஒண்ணு. நான் இதத்தான் எடுக்கணும் போல இருக்குது."

"அது வேணாம் பாய்."

"ஏன்?"

"அதுல என்னைப் பாத்தீங்களா? எரிஞ்ச கட்ட மாதிரி இருக்கறேன். ஃபாரின்காரன் பாத்தா இன்னா நெனப்பான்? சின்னதுல மூஞ்சி தெரியுது, இம மயிருகூடத் தெரியுது. இங்க தாலி கட்டறதா இருக்குது? கார்டு ரொம்பினா நிறுத்திட்டு மாத்துங்க. இரும்பு எங்க போயிடப் போவுது?"

"இன்னா அண்ணே, கேமரா கம்பெனி ஏஜெண்டு மாதிரி பேசறீங்க."

"சினிமா மாதிரி வேணும்னுதான் மேனேஜர் சொன்னாரு." அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. நான் பொய் சொன்னேன்.

"அப்ப ரெண்டையும் அவருகிட்டயே காட்டிடலாம். அவர் வாயால சொல்லட்டும்."

டிவியை நானே சுமந்துகொண்டு மேனேஜர் ரூமுக்குப் போனேன். மூச்சு வாங்கியது, வழியில் எங்கேயும் இறக்கி வைக்கவில்லை.

முதலில் டேப்பு ஓடியது. "கல்யாண வீடியோ மாதிரி இருக்குதே" என்றார் சார். பாயின் முகம் சுண்டிப் போனது. அடுத்து கார்டு. உலை வந்தது. ஷெட்டு வந்தது. நான் சாரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சேரிலிருந்து முன்னால் சாய்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். இதோ பார்க்கிறார், இதோ கேட்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

"அடேங்கப்பா" என்றார். "இன்னா லைட்டு! பாய், புகை போட்டீங்களா?"

"இல்ல சார். அங்க இருக்கறதுதான்."

"சாமிக்குச் சாம்பிராணி போட்ட மாதிரி இருக்குது."

"சார், அது தூசி சார்" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "நான் உள்ள இழுக்கறது சார். பாருங்க, எப்படி வருது பாருங்க."

"தெரியுதுப்பா. அதான் அழகே." டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொன்னார். "பாய், இந்தக் கேமராவே வாங்கிடுங்க. படம் முழுக்க இந்த ஆள வெச்சுத்தான் எடுக்கணும். மூஞ்சியில உழைப்பு தெரியுது பாருங்க."

வெளியே வந்ததும் பாய் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்க சொன்ன மாதிரியே ஆயிடுச்சு அண்ணே!" நான் கையைக் கொடுத்தேன்.

ஒன்பது நாள் படம் பிடித்தார்கள். தினமும் பத்து மணிக்கு அந்த வெயில் வருகிறபோது நான் கல்லுக்கு முன்னால் இருக்க வேண்டும். முதல் நாளே ஒரு பேஜாரு. சுவரில் இருக்கிற எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் தூசி நிற்காமல் கலைந்து போனது. மேனேஜர் ஃபேனை நிறுத்தச் சொன்னார். முகம் தெரிய வேண்டும் என்று மூக்குத் துணியும் கூடாது. எட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை கார்டு நிரம்பும். பாய் அதைக் கழற்றி வண்டியிலிருக்கிற லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டு வர இருபது நிமிஷம் ஆகும். நான் எழுந்து போகக் கூடாது. எழுந்தால் உட்கார்ந்த தோது மாறிவிடுமாம், படத்தில் ஒட்டாதாம்.

நான்காம் நாள் நாஷ்டா நேரத்தில் பாய் டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். நான் இருமி முடிக்கிற வரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களுக்கு உடம்பு இப்படின்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல. நான் அந்தப் பெருசையே வாங்கியிருப்பேன்."

"அதுல தூசி தெரியாது பாய்" என்றேன்.

அவருக்குப் புரிந்ததோ என்னவோ. "இன்னும் மூணு ஷாட்டுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்குப் பதினொன்று எடுத்தார்.

மாசக் கடைசியில் மேனேஜர் ரூமுக்கு நானாகவே போனேன். படம் முடிந்துவிட்டது, இனி ஸ்டோருக்கு அனுப்புங்கள் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. உட்காரச் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த ரூமில் நான் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

"யேசுதாஸ், படம் பாத்துட்டு அங்கேர்ந்து மெயில் வந்திருக்குது. நேர்ல வர்றாங்க. உன்னப் பாக்கணும்னு தனியா எழுதியிருக்காங்க. அவங்க வர்ற நேரத்துல நீ ஸ்டோர்ல நட்டு எண்ணிக்கினு இருந்தா நல்லாவா இருக்கும்?"

"அவங்க வந்துட்டுப் போனதும் அனுப்பிடுவீங்களா சார்?"

"அடுத்த ரெண்டு படத்துலயும் நீதாம்ப்பா. பாய்கிட்ட பேசியாச்சு."

"எனக்கு மூச்சு முடியல சார்."

"டாக்டர்கிட்ட நல்ல மருந்தா எழுதி வாங்கு. கம்பெனி குடுக்கும்."

ஸ்டோர் இடம் சுப்பிரமணிக்குப் போனது. படத்தில் அவன் எங்கேயும் தெரியவில்லை, அதனால் அவனை அனுப்புவதில் ஒரு தடையும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு போகும்போது என் கல்லுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"உன் மூஞ்சி அழகாப் போச்சு, நான் தப்பிச்சேன் மச்சான்" என்றான். சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. என் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு வேகமாகப் போய்விட்டான்.

வீட்டில் என் மனைவி சின்னப்பொண்ணுவிடம் சொன்னேன். "நீ ஏன் அந்த ஆளுகிட்ட கேமராவப் பத்திப் பேசின? உனக்கு அதப் பத்தி இன்னா தெரியும்?" என்று கேட்டாள். பெரிய கேமராவில் நான் கறுப்பு உருவமாகவே இருந்திருக்கலாம். அந்தக் கறுப்பு உருவத்தை யாரும் தேடிக்கொண்டு வந்திருக்க மாட்டார்கள்.

அவர்கள் வந்தது பொங்கல் முடிந்த வாரம். காலையிலேயே சூப்பர்வைசர் வந்து ஃபேனை அணைத்துவிட்டுப் போனார். பத்து மணிக்கு வெயில் இறங்கியது. இரண்டு வெள்ளைக்காரர்களும் ஒரு அம்மாவும் துளசிராமன் சாரோடு உள்ளே வந்தார்கள். நான்கு பேரும் முகத்தில் புது வெள்ளை மாஸ்க் மாட்டியிருந்தார்கள். பாய் ஸ்டாண்டு போட்டிருந்த அதே இடத்தில் வந்து நின்று, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மா ஏதோ சொன்னார். சார் தலையாட்டினார். இன்னொருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன கேமராவை எடுத்தார்.

என்னிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானே மூக்குத் துணியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டேன்.