காது அடையாளம்

சைகோனுக்குப் போக பாஸ்போர்ட் வேண்டும், அதில் பிரெஞ்சுக் கான்சல் குத்திய விசா முத்திரையும் வேண்டும். இரண்டும் சேர்ந்து மதராசிலிருந்து மதுரைக் கலெக்டர் ஆபீசுக்கு வந்துவிட்டது என்று தபால் கிடைத்ததுமே நான் பெட்டியைக் கட்டிவிட்டேன். இது முப்பத்தேழாம் வருசம். எங்க வீட்டுக்காரர் சைகோனில் ஒரு செட்டியாரின் வட்டிக்கடைக் கிட்டங்கிக்குக் காவல். கல்யாணமான வருசமே கப்பலேறியவர், ஏழு வருசமாகத் திரும்பவில்லை. கீழக்குயில்குடியில் மாமியாரோடு வயலைப் பார்த்தது போதும் என்று, ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்து மனுவை நானே எழுதிப் போட்டேன்.

ஆபீசில் கிளார்க் ஞானசீலன் பாஸ்போர்ட்டைத் திறந்து படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார். அடையாளம் என்ற இடத்தில் தோள்வரை தொங்கும் காது என்று எழுதியிருந்தது. படத்திலும் தண்டட்டி போட்டுத் தொங்கும் காதோடுதான் உட்கார்ந்திருந்தேன். அவர் முன்னால் நின்றவளுக்கோ சின்னக் காது, அதில் ஒரு தோடு.

நடந்தது இதுதான். படம் அனுப்பிய பிறகு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதை அறுத்துத் தைத்துக்கொண்டேன். டவுனில் அப்போது பல பேர் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். போய் இறங்குகிற ஊரில் நாலு பேர் என் காதையே பார்ப்பானேன்? தண்டட்டியை அழித்துத் தோடு செய்தேன். என் காது, என் முடிவு. அடையாளம் எழுதிக் கொடுத்தவளும் நான்தான் என்பது மட்டும் அந்த நேரத்தில் புத்தியில் ஏறவில்லை.

மாமியார் சீனியம்மாளுக்கு வந்ததே கோபம். அந்தத் தண்டட்டி கல்யாணத்துக்கு அவர் போட்டது. அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். ஊருணிக்கரையில் எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம், தன் மருமகள் ஆஸ்பத்திரிக்குப் போனவள் போனவள்தான், திரும்பி வந்திருப்பது வேறு எவளோ என்று சொல்லித் திரிந்தார். நான் சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன்.

ஞானசீலனுக்கு வந்ததும் அதே சந்தேகம்தான். படத்தில் இருப்பவள் நான்தான் என்று புருசன் வீட்டார் யாராவது வந்து சொல்லி ரேகை வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாஸ்போர்ட் மதராசுக்கே திரும்பிப் போகும் என்றார். போனால் விசா காலாவதி. மறுபடி மனு, மறுபடி காத்துக் கிடக்க வேண்டும். புருசன் வீட்டார் என்று இருந்தது என் மாமியார், அந்த அத்தை ஒருத்திதான்.

வீம்பு பண்ண நேரமில்லை. சாயங்காலம் அடுப்படியில் போய் நின்று விசயத்தைச் சொன்னேன். கெஞ்சவில்லை. காலையில் வண்டி கட்டச் சொல்லியிருக்கிறேன், வருவதும் வராததும் உங்கள் இஷ்டம் என்றேன். விடிந்து பார்த்தால் சேலை மாற்றிக்கொண்டு வண்டியில் உட்கார்ந்திருந்தார். காளவாசல் தாண்டும்போது எனக்கு உள்ளுக்குள் பயம்தான். ஊருணிக்கரையில் சொன்னதை அங்கேயும் சொல்லிவைத்தால் என் பயணம் அத்தோடு முடிந்தது.

ஞானசீலன் படத்தை நீட்டி, இவள்தானா அவள் என்று கேட்டார். அத்தை அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"இவதேன் எம் மருமக. காது போயிருச்சு, திமிரு அம்புட்டும் அப்படியேதேன் இருக்கு."

ஆபீசே சிரித்தது. அத்தை ரேகை வைத்தார். காதில் தையல் தழும்பு என்று அடையாளத்தைத் திருத்தி, அதிகாரியிடம் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தார் ஞானசீலன். பாஸ்போர்ட்டை மடியில் செருகிக்கொண்டு நான் வாசலுக்குத் திரும்பினேன். அத்தை நகரவில்லை.

"எனக்கும் இதே மாதிரி ஒரு பாஸ்போட்டுக்கு எழுதிப் போடுங்கய்யா," என்றார்.

ஏழு வருசமாக எங்க வீட்டுக்காரரைப் பார்க்காமல் தவித்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. அழுகை வந்துவிடும்போல இருந்ததால் வம்புக்கு இழுத்தேன்: மனுவை நான் எழுதுகிறேன், ஆனால் காதைத் தைத்துக்கொண்டுதான் வரவேண்டும் என்றேன்.

அத்தை தன் தண்டட்டியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அது ஆகாதுடி. எம் மகன் இந்தக் காதப் பிடிச்சுக்கிட்டே தூங்குன பய. கப்பல்ல இருந்து இறங்குற அம்புட்டு சனத்துல, என்னைய இத வச்சுத்தேன் கண்டுபிடிப்பான்."