வேண்டாத பச்சைக்குத்து

செவ்வாய்க்கிழமை காலையில் மாசானத்தின் இடது கையில் இருந்த பச்சைக்குத்து வேண்டாதது என்று அறிவிக்கப்பட்டது. அறிவிப்பைத் தபால்காரர் கொண்டுவந்தார். கையை நீட்டச் சொல்லி, அடிக்கோல் வைத்து அளந்து, மூன்று விரற்கடை என்று குறித்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடச் சொல்லிப் போனார்.

இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. போன மாதம் எதிர்வீட்டு வன்னியராஜின் மீசையை வேண்டாதது என்றார்கள். மறுபேச்சு இல்லாமல் கொடுத்துவிட்டு வந்தான். அதற்கு முந்தின மாதம் தெருமுக்கு வேப்பமரத்தின் நிழலை எடுத்தார்கள். மரம் இன்னும் நிற்கிறது. அடியில் வெயில் கிடக்கிறது.

மாசானத்துக்கு எழுபத்துநாலு வயது. வாழைக்காய் மண்டியில் நாற்பது வருஷம் தார் சுமந்தவர். பள்ளிக்கூடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. வெள்ளைச் சட்டை போட்டவன் சிரித்தால் மடியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

கையில் இருந்தது இரண்டே எழுத்து. கோமு. பெண்டாட்டி பேர். கல்யாணமான வருஷம் தேரோட்டத்துக்குப் போன இடத்தில் குத்திக்கொண்டது. மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார்.

கோமு செத்து மூன்று வருஷம் ஆகிறது. இருந்தபோது அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இவர் ‘ஏளா’ என்பார். மாமியார் ‘ஏட்டி’ என்பாள். தெருவுக்கு அவள் மாசானம் பொண்டாட்டி. பிள்ளை கிடையாது. கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்கூட ‘திரு. மாசானம் அவர்களின் துணைவியார்’ என்றுதான் அடித்திருந்தார்கள். படம் மட்டும் அவளுடையது. அப்படி ஒரு பேர் இருந்தது என்பதற்கு உலகத்தில் மிச்சம் இந்தக் கைதான்.

“போய்க் குடுத்துட்டு வாரும் அண்ணாச்சி, வலிக்காது,” என்றான் வன்னியராஜ். மீசை இல்லாத வாய் யாரோ ஒருவனுடைய வாய் மாதிரி இருந்தது.

“மயிரு மறுபடி மொளைக்கும்லே. ஒன் புத்திய நீயே வச்சுக்கோ.”

கொடுப்பதற்காக அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. எவன் கேட்டான் என்று பார்க்கப் போனார்.

பச்சை நீக்கும் பிரிவுக்கு ஒரு வராந்தா வழியாகப் போகவேண்டும். வாசலில் வாட்ச்மேன் நின்றார்.

“வயசு என்னவே?”

“எதுக்கு?”

“வயசுக்குத் தக்கனதான் வராந்தா.”

“எழுவத்துநாலு.”

வராந்தா நீண்டது. கடைசிக் கதவு தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. மாசானத்துக்கு முழங்காலில் வலி உண்டு.

“நாப்பது,” என்றார்.

வராந்தா உள்வாங்கியது. வாட்ச்மேன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“நாப்பதுக்கு ரொம்ப அடிபட்டிருக்கீரு,” என்று உள்ளே விட்டார்.

டாக்டர் ஜெபசீலி கையைத் திருப்பிப் பார்த்தாள். சின்ன வயசுதான். மூலையில் ஒரு மூடி போட்ட வாளி இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு ஆள் உட்கார்ந்து, ரப்பர் வளையத்தை இழுத்துத் தன் மணிக்கட்டில் விட்டுக்கொண்டிருந்தான்.

“கரி மை. சுலபமாப் போயிரும், தாத்தா. லேசர் வச்சா மை பொடிப்பொடியா ஒடையும்.”

“ஒடைஞ்சு?”

“ஒங்க ஒடம்பே அதத் தின்னுரும்.”

“இந்த ஒடம்பா? இதுக்கு சோறே செமிக்க மாட்டேங்கு.”

“பத்துத் தடவை வரணும். ஆறு வாரத்துக்கு ஒருக்க. வலி பெருசா இருக்காது. அவரு காட்டுதாரு பாருங்க, அவ்வளவுதான்.”

ரப்பர் வளையக்காரன் தலையை ஆட்டினான். ஒன்பது வருஷமாக அவனுக்கு அதுதான் வேலை. மணிக்கட்டு வெற்றிலைச் சாறு மாதிரிச் சிவந்திருந்தது.

“வேற வழி?”

“தோலைத் தேய்ச்சு எடுக்கலாம். புண்ணு ஆற நாளாகும். இல்லன்னா தொடையில தோலெடுத்து இங்க ஒட்டலாம்.”

“தொடைக்கு?”

“முதுகுல இருந்து.”

“முதுகுக்கு?”

“அது வேற பிரிவு. ஒங்களுக்கு மூணு விரற்கடைதான். பேசாம வெட்டி எடுத்துட்டுத் தையல் போட்டுரலாம். அஞ்சு நிமிஷம்.”

“வெட்டுனத என்ன செய்வீங்க?”

“வாளியில போடுவோம்.”

மாசானம் வாளியைப் பார்த்தார். மூடிக்குள் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஆண்குரலும் இருந்தது, பெண்குரலும் இருந்தது. ஒருத்தருக்கும் பதில் வரவில்லை.

அவர் கையை உருவிக்கொண்டார்.

“எவனுக்கு வேண்டாமாம் இது?”

“வேண்டாதது, தாத்தா. யாருக்குன்னு எங்களுக்குத் தகவல் வராது.”

“எனக்கு வேணும்.”

“இப்ப வேணும்பீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

“எல்லாரும் சொன்னதுக்கப்புறமும் வெட்டுனியா? நல்லா இருக்கு ஒம் படிப்பு. நான் தர மாட்டேன்.”

டாக்டர் கோபப்படவில்லை. “மாட்டேன்னாலும் படிவம் இருக்கு. பக்கத்து ரூம்,” என்றாள்.

பக்கத்து ரூமில் உமையொருபாகம் என்கிற கிளார்க் இருந்தார். முன்னால் ஒரு மைக். பின்னால் கூரை வரைக்கும் கட்டுக்கட்டாகக் காகிதம். மறுப்புப் படிவத்தை எடுத்துப் பேர் எழுதினார். மாசானம்.

“கைநாட்டா?”

“கையெழுத்து,” என்றார் மாசானம் ரோஷத்தோடு.

இடது கையைக் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்துப் பார்த்து வலது கையால் இழுத்தார். அவருக்குத் தெரிந்த எழுத்து அவ்வளவுதான். ஐம்பது வருஷமாக எங்கே கேட்டாலும் இதைத்தான் போட்டுவருகிறார். எந்த ஆபீசிலும் எவனும் ஏன் என்று கேட்டதில்லை.

உமையொருபாகம் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தார்.

“பேரு மாசானம். கையெழுத்து கோமு.”

“ஆமா.”

“கோமு யாரு?”

“எங்க வீட்டுக்காரி.”

கிளார்க் எழுந்து ஏணியில் ஏறினார். ஒரு கட்டைப் பிரித்தார். இன்னொன்றைப் பிரித்தார். “ரேஷன் அட்டை, கோமு. மண்டிச் சங்கம், கோமு. வீட்டு வரி, கோமு. கண் ஆபரேசன், கோமு. ஒரு எடத்துலகூட நீரு இல்லையேவே.”

மாசானம் கூரையை அண்ணாந்து பார்த்தார். அத்தனை காகிதத்தையும் அவர் அப்படிப் பார்த்ததில்லை.

மேலே இருந்த கிளார்க் ஒரு தாளோடு நின்றுவிட்டார். பிறகு இறங்கிவந்தார்.

“இது இறப்புப் பதிவு. இறந்தது யாரு, மாசானம் மனைவி கோமு. வந்து தகவல் சொல்லிக் கையெழுத்துப் போட்டது யாரு, கோமு.”

“நாந்தான் போட்டேன்.”

“கையெழுத்துல நீரு இல்ல. செத்ததச் செத்தவங்களே நேர்ல வந்து சொல்லியிருக்காங்க. இது செல்லாது.”

“எது செல்லாது?”

“சாவு. கோமு உயிரோட இருக்காங்க.”

மாசானம் பெஞ்சியில் உட்கார்ந்தார். “எங்கன இருக்கா?” என்று கேட்டார்.

“அது நம்ம பிரிவுல வராது. இந்த மறுப்பு அவங்க கொடுத்தது. அவங்க நேர்ல வந்து, கொடுக்க இஷ்டமில்லன்னு வாயால ஒரு வார்த்தை சொல்லணும். டோக்கன் போடுதேன்.”

“வரலன்னா?”

“உயிரோட இருக்கவங்கள வார வரைக்கும் கூப்பிடணும். விதி.”

“அதுவரைக்கும் எங் கை?”

“யாரும் தொட முடியாது.”

டோக்கன் எண் இருநூற்றுப் பதினொன்று. உமையொருபாகம் மைக்கைத் தட்டினார்.

“இருநூத்திப் பதினொண்ணு. கோமு. கோமு உள்ளே வரவும்.”

வராந்தா முழுக்கக் கேட்டது. உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவரும் எழுந்திரிக்கவில்லை.

“கோமு. கோமு உள்ளே வரவும்.”

டாக்டர் ஜெபசீலி கத்தியோடு வந்துவிட்டாள். ரப்பர் வளையக்காரன் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றான்.

“தாத்தா, நாலு மணிக்குப் பூட்டணும். அவங்க இல்லைன்னு ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செத்துட்டாங்கன்னு ஒங்க பேர எழுதி ஒரு கையெழுத்து போட்டுருங்க. ஒங்க பேர மட்டும். நான் எழுதிக் காட்டுதேன், பாத்து எழுதுங்க.”

ஒரு தாளில் ‘மாசானம்’ என்று பெரிதாக எழுதி நீட்டினாள். அவர் அதைத் தலைகீழாக வாங்கினார். நேராகத் திருப்பினார். தன் பேரை இப்படித்தான் எழுதுவார்களா என்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நாலாக மடித்து, காதில் வைத்துக் குடைந்தார்.

“எனக்கு எழுத்து தெரியாது, டாக்டரம்மா.”

“பாத்துதானே எழுதச் சொல்லுதேன்?”

“கண்ணும் தெரியல. ஆபரேசன் பண்ணது எனக்கில்ல, கோமுக்குன்னு அவரு இப்பத்தான் சொன்னாரு. கேட்டுப்பாரு.”

“விதண்டாவாதம் பண்ணாதீங்க.”

“நான் என்ன பண்ணேன்? நான்தான் ஒரு காகிதத்துலயும் இல்லையே. அவகிட்ட பேசிக்கோ. வருவா.”

நாலு மணி அடித்தது. யாரும் பூட்டவில்லை. ஆள் வராமல் பூட்டக்கூடாது என்பதும் விதி. ரப்பர் வளையக்காரன் வாளியைக் கீழே வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்தான். டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“கோமு உள்ளே வரவும்,” என்றார் உமையொருபாகம். தொண்டை கட்டத் தொடங்கியிருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கூப்பிட்டார்.

மாசானம் பெஞ்சியில் காலை மடக்கிச் சம்மணம் போட்டார். இடது கையை மடியில் வைத்துக்கொண்டார்.

“என்னவே மொணங்குதீரு?” என்றார். “நல்லா சத்தமாக் கூப்பிடும். அவளுக்குக் காது மந்தம்.”