வெடிக்காத தோட்டா

ஸ்ஃபாக்ஸ் நகரக் காவல்துறையின் துப்பாக்கி சுடும் அணியில் ஓர் இடம்தான் காலி. பயிற்சிக்கு மாதம் பத்தே தோட்டாக்கள் கொடுத்ததால், நஜ்லா வீட்டில் சுவரைக் குறிபார்த்து, காலித் துப்பாக்கியின் குழல்மேல் நாணயம் வைத்து, அது விழாமல் விசையை அழுத்திப் பழகினாள்.

"சுவத்தையே சுட்டுக் கொன்னுட்டீங்களாமே, அக்கா?" என்று சீண்டினான், அதே இடத்துக்குப் போட்டியிட்ட மொன்ஸெஃப்.

தேர்வன்று கேப்டன் ஹேதி, இருவருடைய துப்பாக்கியிலும் சொல்லாமல் ஒரு போலித் தோட்டாவைச் சேர்த்திருந்தார். அது வெடிக்காதபோதும், அதிர்வை எதிர்பார்த்த மொன்ஸெஃபின் கை குழலைக் கீழே அமுக்கியது. நஜ்லாவின் முறை வந்தது. விசை 'டக்' என்றது. குழல் இம்மியும் அசையவில்லை.

"போதும்மா, உன் பேரை எழுதிடறேன்," என்றார் ஹேதி.

"இன்னும் நாலு தோட்டா இருக்கு, கேப்டன். அதையும் பாத்துட்டு எழுதுங்க," என்றாள் நஜ்லா.