பங்குதாரர் கையெழுத்து

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். தொழில்வரி நோட்டீஸிலிருந்து வந்தது. நோட்டீஸோடு பூர்த்தி செய்ய ஒரு பாரமும் கொடுத்தார்கள். நான்கு தாள்கள், முன்பக்கம் அச்சு, பின்பக்கம் வெறுமை. யுத்தம் ஆரம்பித்ததிலிருந்து திருத்தணிக் கடைத்தெருவில் வெள்ளைக் காகிதம் கண்ணில் படுவதில்லை. அப்படிப்பட்ட காலத்தில் சர்க்கார் நான்கு தாளைச் சும்மா கொடுத்தால் எழுதுகிறவன் வேறு என்ன செய்வான்? ஆகவே வாசகரே, அடித்தல் திருத்தல்களைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நகல் எடுக்கக் காகிதம் இல்லை.

பாரத்தில் முதல் கேள்வி, தொழில். "கதை எழுதுதல்" என்று எழுதினேன். அடுத்தது, அதனால் வரும் அரையாண்டு வருமானம். பத்திரிகைக்காரர்கள் அனுப்பிய மணியார்டர் துண்டுகளைக் கூட்டிப் பார்த்தேன். வரி விதிக்கும் வரம்புக்கு* ஏழு ரூபாய் அதிகமாக இருந்தது. வந்த பணமெல்லாம் எப்போதோ செலவாகிவிட்டது. வரி கட்டாவிட்டால் ஜப்தி. என் வீட்டில் ஜப்தி செய்யத் தகுந்த சாமான் ஒன்றுதான் உண்டு, நான் எழுதுகிற மேஜை.

எனக்குப் பயமாக இருந்தது. எனக்கு முன்னால் கதையில் வேறொருவனை அனுப்பிப் பார்க்கலாம் என்று தீர்மானித்தேன். அவன் தப்பித்தால் அதே வழியில் நானும் போய்விடலாம்.

(* வரம்பு எவ்வளவு என்று இங்கே எழுதவில்லை. முன்பக்கத்தில் அச்சிட்டிருக்கிறது.)

2

முதல் ஆரம்பம்: "தணிகை மலைமேல் பொழுது புலர்ந்தது. மயில்கள் தோகையை—"

வேண்டாம். மயிலுக்கும் வரிக்கும் என்ன சம்பந்தம்? (கொஞ்சம் இருக்கிறது. பின்னால் வரும்.)

இரண்டாவது ஆரம்பம்: "ஓர் ஊரில் பரம ஏழையான ஓர் ஓவியன்—"

பரம ஏழைக்கு வரியே கிடையாது. கதை முதல் வரியிலேயே படுத்துவிடுகிறது.

மூன்றாவது: "துளசிங்கம் நாடகக்காரர்களுக்குத் திரைச்சீலையில் படம் எழுதுகிறவன். அரண்மனை, காடு, தெரு, சுடுகாடு என்று அவனுக்குச் சொந்தமாக நான்கு திரைகள் உண்டு. அவற்றை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறான்." இது பரவாயில்லை. இருக்கட்டும்.

3

துளசிங்கத்தின் கணக்கு என்னுடையதைவிடச் சிக்கலானது. திருவாலங்காட்டு நாடகக்காரர்கள் வாடகைக்கு நெல் அளந்தார்கள். ஆர்.கே.பேட்டையில் நான்கு வேட்டி கொடுத்தார்கள். மணவூரில் ஒரு பெட்டை ஆட்டைப் பிடித்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆடு அரையாண்டு முடிவதற்குள் இரண்டு குட்டி போட்டது. குட்டிகள் ஓவியத்தால் வந்த வருமானமா, ஆட்டால் வந்த வருமானமா? பாரத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

வரி குமாஸ்தா பஞ்சாட்சரம் துளசிங்கத்தின் வீட்டு வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் விலை போட்டுக் கூட்டினார்.

"மொத்தம் முந்நூத்தி இருவது ரூவா ஆவுது. ஒழுங்கா வரியைக் கட்டிடு துளசிங்கம்."

"அதுல பாதி என்னுது இல்லீங்க. கூட்டாளிது."

"கூட்டாளியா? இத்தினி நாளா சொல்லவேயில்லையேப்பா. யாரு?"

"முருகனுங்க."

"ரயிலடில சோடா விக்கிறானே, அவனா?"

"மலை மேல கீறாரே, அவரு."

விஷயம் இதுதான். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு விஷக்காய்ச்சலில் துளசிங்கத்தின் வலது கை விரல்கள் மடங்காமல் போய்விட்டன. விரல் மடங்கினால் ரூபாய்க்கு எட்டணா உனக்கு என்று மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டான். மடங்கியது. அன்றிலிருந்து கையில் எது வந்தாலும் பாதியை ரூபாயாக்கி உண்டியலில் போடுகிறான். இந்தப் பக்கத்தில் கடை வைத்திருப்பவர்கள் சாமியைக் கூட்டாளியாகச் சேர்ப்பது வழக்கம்தான். துளசிங்கம் செய்த ஒரே தப்பு, அதைச் சர்க்காரிடம் போய் உண்மையாகச் சொன்னது.

பஞ்சாட்சரம் சிரிக்கவில்லை. பங்குதாரர் பாரம் என்று தனியாக ஒன்று இருந்தது. அதை எடுத்தார்.

"தகப்பனார் பேரு?"

"சிவபெருமானுங்க."

"இருக்காரா?"

"ஆங், இருக்காரு. திருவாலங்காட்டுல ஆடிகினு கீறாரு."

"அவரும் ஆட்டக்காரரா? அப்ப அவருக்கும் தனி பாரம் வேணுமே." குறித்துக்கொண்டார். "சம்சாரம்?"

"ரெண்டு."

"வாகனம் எதுனா உண்டா?"

"மயிலுங்க."

உள்ளேயிருந்து துளசிங்கத்தின் மனைவி எல்லம்மாள் குரல் கொடுத்தாள். "இந்தாங்க, நம்ம மலையில சாமி முன்னாடி மயிலா நிக்குது? யானைதானே! சாமி விசயத்துல பொய்க் கணக்கு எழுதாதீங்க!"

பஞ்சாட்சரம் மயிலை அடித்துவிட்டு யானை, ஒன்று என்று எழுதினார். "கையெழுத்தா, கைநாட்டா?"

"தோப்பனுக்கே பாடம் சொன்னவருங்க. கையெழுத்துதான் போடுவாரு."

"அப்ப வாங்கிடணும். அதுவும் என் கண்ணு முன்னாடி. ஆடிக் கிருத்திகைக்குள்ள பங்குதாரர் கையெழுத்து வர்லன்னா முழுத்தொகையும் உன் தலைலதான். நாலு திரையும் ஜப்தி."

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் மணவூரில் நாடகம். முன்பணம் வாங்கிப் பாதியை உண்டியலில் போட்டாயிற்று.

4

இங்கே கதையை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். பஞ்சாட்சரத்தை நான் முதலில் கொடுமைக்காரராகத்தான் எழுதினேன். முறுக்கு மீசை, கையில் பிரம்பு, எல்லாம் வைத்தேன். பிறகு அடித்துவிட்டேன். (மேலே மை அப்பியிருக்கும் இடம் அந்த மீசைதான்.)

காரணம், எனக்கு நோட்டீஸ் கொண்டுவந்த மனிதர். கொதிக்கிற வெயிலில் வந்தார். மொட்டைத் தலையில் சந்தனம் பூசியிருந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். யாருக்கு வேண்டுதல் என்று விசாரித்தேன்.

"பொண்ணுக்குங்க. பதினோரு நாளு காச்சல். இப்ப எறங்கிக்கினு வருது," என்றார்.

நோட்டீஸை நீட்டும்போது அவர் பார்வை என் மேஜைமேல் விழுந்தது. விழுந்த உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலில் இருந்த முருங்கை மரத்தைப் பார்த்தார். அப்படிப்பட்ட மனிதருக்கு எப்படி மீசை வைப்பது? அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. பஞ்சாட்சரம் என்று நானாக வைத்தேன்.

5

இருவரும் முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறினார்கள். குமாஸ்தா கையில் பாரம், பேனா, எதற்கும் இருக்கட்டும் என்று கைநாட்டுக்கு மைப்பெட்டி. நூறாவது படியில் துளசிங்கம் மைப்பெட்டியை வாங்கிக்கொண்டான். இருநூறாவது படியில் குமாஸ்தாவின் கையையே பிடித்துக்கொண்டான்.

சன்னிதிக்கு முன்னால் பஞ்சாட்சரம் கையைக் கட்டிக்கொண்டு தணிந்த குரலில் சொன்னார்: "ஆபீசு வேலையா வந்துகிறேன் சாமி. தப்பா நெனைச்சுக்காத."

குருக்கள் எதுவும் கேட்கவில்லை. கல்யாணப் பத்திரிகை, கடைக் கணக்கு நோட்டு, பரீட்சை நம்பர் என்று தினமும் எத்தனையோ காகிதம் வருகிறது. பாரத்தை வாங்கினார், பாதத்தில் வைத்தார், ஒரு துளி சந்தனம் வைத்துத் திருப்பிக் கொடுத்தார். சந்தனம் சரியாகப் பங்குதாரர் கையெழுத்து என்ற கட்டத்துக்குள் இருந்தது.

"போட்டுட்டாருங்க!" என்றான் துளசிங்கம். அவன் கண் நிறைந்துவிட்டது.

பஞ்சாட்சரம் பாரத்தைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். "இத்த நான் இன்னான்னு எடுத்துக்கறதுப்பா? கையெழுத்தா, பிரசாதமா?"

இதற்கு மேல் மூன்று நாளாக எனக்குப் பேனா ஓடவில்லை.

6

முடிவு அ. சந்தனத்தைக் கையெழுத்தாக ஏற்றுக்கொள்கிறார்கள். மறுநாளே ஊரில் எல்லாரும் முருகனைக் கூட்டுச் சேர்க்கிறார்கள். முருகனின் வருமானம் எல்லா வரம்பையும் தாண்டுகிறது. நோட்டீஸ் மலையேறுகிறது. யானையை ஜப்தி செய்ய— நிறுத்திவிட்டேன். நான் இந்த ஊரில் குடியிருக்க வேண்டும்.

முடிவு ஆ. இறங்கி வருவதற்குள் காற்றில் சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிடுகிறது. இது எழுத்தாளன் செய்கிற மோசடி. ஆனால் சந்தனம் காயத்தானே செய்யும்?

முடிவு இ. சந்தனத்தை ஏற்கவில்லை. நான்கு திரைகளையும் சுருட்டி மாட்டுவண்டியில் ஏற்றுகிறார்கள். எல்லம்மாள் வண்டிக்குப் பின்னால் ஓடுகிறாள். "ஐயா, அந்தச் சுடுகாட்டையாவது வுட்டுட்டுப்—"

இதை என்னால் முடிக்க முடியவில்லை. சிரிக்க வைக்கலாம் என்றுதான் ஆரம்பித்தேன்.

7

நாளைக்குக் கடைசித் தேதி. பாரத்தைக் கொடுத்தாக வேண்டும். கதை அதன் பின்பக்கத்தில் இருக்கிறது என்பது இப்போதுதான் உறைக்கிறது. இப்படியும் ஒரு முட்டாள் உண்டா! இதற்கு வேறு பிரதி கிடையாது.

ஆகவே, வாசகரே, வாசகரே என்று நான் கூப்பிட்டது உங்களை ஒருவரைத்தான். இந்தக் காகிதத்தைத் திருப்பிப் பார்க்கப் போகிறவர் வேறு யாரும் இல்லை. இந்நேரம் தலையில் கொஞ்சம் முடி முளைத்திருக்கும். பெண்ணுக்கு உடம்பு தேவலையா?

என் பாரத்திலும் பங்குதாரர் என்ற இடத்தில் முருகன் பெயரை எழுதத்தான் துளசிங்கத்தை முன்னால் அனுப்பினேன். பேனாவை அந்த இடத்தில் வைக்கும்போதெல்லாம் எல்லம்மாள் உள்ளேயிருந்து, பொய்க் கணக்கு எழுதாதீங்க என்று குரல் கொடுக்கிறாள். துளசிங்கம் மூன்று வருஷம் போட்டான். நான் அந்த உண்டியலில் ஒரு காலணா போட்டதில்லை. அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறேன். மேஜையை நீங்கள் எடுத்துப் போகலாம். ஒரு கால் ஆடும், பார்த்துத் தூக்கச் சொல்லுங்கள்.

துளசிங்கத்தின் திரைகளை மட்டும் விட்டுவிடுங்கள். அப்படி ஒரு ஆளே இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் மணவூரில் கொட்டகை போட்டுவிட்டார்கள்.

முன்பக்கத்தில் கடைசியில் "ஆபீஸ் உபயோகத்துக்கு மட்டும்" என்று நான்கு வரி காலியாக இருக்கிறது. முடிவு அதற்குள் அடங்கும். என் மை தீர்ந்துவிட்டது, உங்களிடம் சர்க்கார் மை இருக்கும்.