கத்திரி வெயிலில் தளம்

கத்திரி வெயிலில் தளம் போட வேண்டாம் என்று ஊரே சொல்லியும் லோகநாயகி கேட்கவில்லை. கோடை லீவு முடிவதற்குள் வீட்டு வேலையை முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். டீச்சர் அல்லவா, தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்! அஸ்தினாபுரத்து வாடகை வீட்டிலிருந்து விடிந்ததுமே பானை நிறைய மோரோடு ஊரப்பாக்கத்து மனையில் வந்து இறங்கிவிட்டாள்.

ஆண்கள் மோரைச் சொம்பு சொம்பாகக் குடித்தார்கள். கலவைச் சட்டி தூக்கும் பெண்கள் மூவரும் வாயை நனைத்ததோடு சரி. லோகநாயகிக்குச் சுருக்கென்றது.

"என் கை மோர் பிடிக்கலையா? வெயில்ல சுருண்டு விழுந்தா யாரு பதில் சொல்றது?"

அவர்கள் சிரித்து மழுப்பிவிட்டுப் போனார்கள்.

உச்சிவேளையில் அந்த மூவரில் ஒருத்தியான ஜெயக்கொடி ஏதோ பிதற்றினாள். தள்ளாடி, சட்டியோடு சரிந்தாள். உடம்பு கொதித்தது, பொட்டு வேர்வை இல்லை.

"பாதியில நிறுத்துனா தளம் ஒழுகும்மா," என்று தயங்கினார் மேஸ்திரி சுப்பராயலு.

"ஒழுகட்டும்! தூக்குங்க!"

வேப்பமர நிழலில் கிடத்தி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, ஈரத்துணி போர்த்தி, அட்டையால் விசிறினார்கள். நினைவில்லாதவள் வாயில் மோர் புகட்டப்போன ஒருவனின் கையை லோகநாயகி தட்டிவிட்டாள். புரையேறினால் என்ன ஆவது? ஓர் உயிர் போய்விட்டால் இந்த வீட்டில் எப்படிக் குடியிருப்பது?

ஆட்டோ வருவதற்குள் ஜெயக்கொடி கண்ணைத் திறந்து, கூடச் சட்டி தூக்கும் கங்கையம்மாளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். லோகநாயகிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மேஸ்திரியே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார்.

ஆட்டோ போனதும் லோகநாயகி கங்கையம்மாளைப் பிடித்துக்கொண்டாள். "அவ்வளவு மோர் வெச்சேனே, ஏன் குடிக்கல?"

"குடிச்சா எங்கம்மா ஒதுங்கறது? ஆம்பளைங்களுக்கு இன்னா, செவுத்தோரம் நின்னுக்குவாங்கோ. சுத்தி வூடாத்தான கீது? பொழுது சாஞ்சி வூட்டுக்குப் போறவரிக்கும் அடக்கிக்கினு கெடப்போம்."

காலையிலிருந்து லோகநாயகியும் ஒரு மடக்குக்கு மேல் குடிக்கவில்லை. காரணமும் அதேதான். பள்ளிக்கூடத்திலும் வருஷக்கணக்காக இதே கதை. ஊருக்குத்தான் உபதேசம்! அவளுக்கு வெட்கமாக இருந்தது.

நேரே போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். முன்பின் தெரியாத அம்மாள் ஒருத்தி எட்டிப்பார்த்தாள்.

"எதிர்ல வீடு கட்டறோம். வேலை முடியறவரைக்கும் உங்க பாத்ரூமை நாங்க உபயோகிச்சுக்கலாமா?"

"எத்தனை பேரு?"

லோகநாயகி திரும்பினாள். தெருவில் கங்கையம்மாளும் இன்னொருத்தியும் நின்றிருந்தார்கள்.

"இப்போதைக்கு என்னையும் சேர்த்து மூணு பேர்," என்றாள்.