சூடம் அணைத்த கை

லாட்டரிக்குத் தடை வந்த வருஷம், இனி புருஷன் திருந்திவிடுவான் என்று மயில்சாமியின் மனைவி சுப்புலட்சுமி பழனிக்கு நடந்தே போய்வந்தாள். அவனோ பல்லடம் ரோட்டுத் தென்னந்தோப்பில் சீட்டாட்டத்துக்கு மாறிக்கொண்டான். உள்ளே, வெளியே என்று கத்தும் அந்த ஆட்டத்தில் சம்பளம் போனது, அவள் வளையல் போனது, கடைசியில் கம்பெனி நூலும் போனது.

பனியன் கம்பெனியில் நிட்டிங் மாஸ்டரான அவனுக்குத் தனி மரியாதை. குடோன் காவலுக்கு இருந்த உசிலம்பட்டிக்காரர் காசிமாயன், டீ குடிக்கப் போகும்போது சாவியை இவனிடம்தான் கொடுத்துவிட்டுப் போவார். அந்த டீ நேரத்தில்தான் நூல் மூட்டைகள் ஒவ்வொன்றாகப் பின்வாசல் வழியே வண்டி ஏறின. ஜெயித்ததும் அத்தனையையும் வாங்கி வைத்துவிடலாம் என்றுதான் இருந்தான். திருடுகிறோம் என்று ஒருநாளும் நினைத்ததில்லை, பாவி.

இருப்புப் பார்த்தபோது மூட்டைகள் குறைந்தன. முதலாளி நஞ்சப்பன் போலீசுக்குப் போகவில்லை. வெள்ளிக்கிழமை எல்லாரையும் முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போய், தட்டில் சூடத்தை ஏற்றிவைத்தார்.

"எடுக்காதவங்க கையால அணைச்சு சத்தியம் பண்ணுங்க. அத்தோட உட்டுப்போடறேன்."

காசிமாயன் பின்னால் நகர்ந்தார். "நான் எடுக்கல மொதலாளி. அதுக்காக சாமிய சாட்சிக்கு இழுக்க மாட்டேன். எங்க ஊர்ல உண்மைக்குக்கூட சத்தியம் பண்ணப் பயப்படுவாக."

மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்து அணைக்க, முதலாளி மறுபடி மறுபடி சூடத்தை ஏற்றினார்.

மயில்சாமியின் முறை வந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் வந்திருந்தான். ஆனால் சுடரைப் பார்த்ததும், கவிழ்த்துவைத்த சீட்டைப் பார்க்கும்போது வருகிற அதே குறுகுறுப்பு உள்ளங்கையில் ஏறியது. சாமி கேட்குமா, கேட்காதா? உள்ளேயா, வெளியேயா? டப்பென்று அடித்தான். சூடம் அணைந்தது. கை லேசாகச் சுட்டது, அவ்வளவுதான்.

அணைக்காதவன்தான் திருடன் என்று ஆகிவிட்டது. வேலை போனது. காசிமாயனும் மனைவி ஒச்சாயியும் கம்பெனி கொடுத்திருந்த அறையைக் காலிசெய்து, சாமான்களை ஆட்டோவில் ஏற்றினார்கள். மயில்சாமி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். சாவியைப் பற்றி இந்த மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

காசிமாயன் அருகில் வந்தார். "மாஸ்டர், சாவி உங்ககிட்டத்தான இருந்துச்சுன்னு உங்க மேல சந்தேகப்பட்டுட்டேன். மன்னிச்சுக்கங்க. சூடத்தையே அணைச்சுட்டீங்க. அப்ப நான்தான் எங்கயோ கண் அசந்திருக்கேன்."

"உடுங்ண்ணா," என்றான் மயில்சாமி. அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆட்டோ கிளம்பும்வரை நேரம் இருந்தது.

முதலாளி கூப்பிட்டனுப்பினார். "மயிலு, இனி குடோன் சாவி உங்ககிட்டயே இருக்கட்டுங்க. சாமி முன்னால நின்ன ஆளு நீங்க."

வீட்டில் சுப்புலட்சுமி அழுதாள். "நானும் உங்களத்தானுங்க சந்தேகப்பட்டேன்." அவன் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தான்.

சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் கால்கள் தோப்புக்கே போயின. முருகனே விட்டுவிட்டான், இன்றைக்குச் சீட்டு விழாமலா போகும்? விழத்தான் இல்லை. பொழுது சாய்வதற்குள் கை காலி.

"அடுத்த ஆட்டத்துக்கு இருக்கீங்களா மாஸ்டர்?" என்று கேட்டான் சீட்டுப் போடுகிற லிங்கசாமி.

மயில்சாமி மடியைத் தொட்டுப் பார்த்தான். குடோன் சாவி இருந்தது.

"எனக்கும் போடுங்க," என்றான். "திங்கக்கெழம குடுத்துப்போடறேன்."