இருபத்து நான்கு குழாய்களும் ஒரு துணிக் கிளிப்பும்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அக்கா வீட்டுக் கொடியில் துணி மாட்டும் கிளிப் ஒன்று குறைந்தது. எங்கே என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"லேபுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன். மூக்குல மாட்ட."

அதற்குப் பிறகு எந்த எழுத்தாளன் சும்மா இருப்பான்?

2

முதல் தொடக்கம்: 'நுண்ணோக்கியின் வட்ட ஒளிக்குள் ஒரு பிரபஞ்சமே துடித்துக்கொண்டிரு...'

(அக்கா படித்தாள். "பிரபஞ்சமெல்லாம் இல்லடா. வால் ஆடுதா, ஆடலையா. அவ்வளவுதான்." அந்த வரியை அடித்துவிட்டேன்.)

சரி, அவள் சொன்னபடியே எழுதுகிறேன். ஈ கடித்துப் பரவும் காய்ச்சல் ஒன்று. அதை உண்டாக்கும் ஒட்டுண்ணி வாலை ஆட்டி நீந்தும். பதினோரு வருடமாக ஆய்வகத்தில் அதை எண்ணுவதுதான் அக்காவின் வேலை. ஆய்வகத்துக் குழாயடி மண்ணைச் சுரண்டி, அதிலிருந்து அவளே ஒரு பாக்டீரியாவை வளர்த்தெடுத்தாள். அது எதையோ சுரக்கிறது. அந்தச் சாறு பட்டால் ஒட்டுண்ணிகள் வாலைச் சுருட்டிச் செத்துவிடுகின்றன, அதிலிருந்து மருந்து கிடைக்கலாம் என்பது அவள் நம்பிக்கை. பாக்டீரியாவுக்கு அவள் வைத்த செல்லப் பெயர் மண்ணாங்கட்டி.

3

தலைமை விஞ்ஞானி நம்பவில்லை. (அந்த அம்மாளை வில்லியாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. சந்தேகப்படுவதற்குத்தானே அவருக்குச் சம்பளம்!)

"நீங்க வளர்த்தது. ஆசைப்பட்டு எண்ணினா எல்லாம் பிணமாத்தான் தெரியும்" என்றார்.

அக்காவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அதில் நியாயம் இருப்பதாகப் பட்டது.

ஆகவே இருபத்து நான்கு சோதனைக் குழாய்கள். எல்லாவற்றிலும் ஒட்டுண்ணி. பன்னிரண்டில் மண்ணாங்கட்டியின் சாறு, மற்றதில் வெறும் சத்துநீர். பார்வைக்கு எல்லாம் ஒன்றே. வெளியே எண் மட்டும் இருக்கும். எதில் எது என்ற பட்டியல் ஒட்டிய உறைக்குள், விஞ்ஞானியின் மேசையில். அக்காவின் எண்ணிக்கை பட்டியலோடு பொருந்தாவிட்டால் மண்ணாங்கட்டியைக் கொதிக்கவைத்துக் கொட்டிவிடுவது என்று முடிவு.

4

ஏழாவது குழாயின் மூடியைத் திறந்த அக்காவின் கை அப்படியே நின்றது. மழை விட்ட பிறகு மண்ணிலிருந்து எழும் வாசனை. அது மண்ணாங்கட்டியின் வாசனை. பெயரை மறைத்தவர்கள், பட்டியலை மறைத்தவர்கள், வாசனையை மறைக்க வேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. இரண்டாவதிலும் ஐந்தாவதிலும் இதே வாசனை வந்தது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்த இரண்டிலும் ஒரு வால்கூட ஆடவில்லை என்று எழுதியிருந்தாள்.

(இந்த இடத்தில் அவள் மனப்போராட்டத்தை இரண்டு பக்கம் எழுதினேன். "என்ன போராட்டம்? எழுந்து போய்ச் சொன்னேன்" என்றாள். இரண்டு பக்கமும் குப்பைக்குப் போயின. எழுந்து போகுமுன் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்ததை மட்டும் பிறகு அவளே ஒப்புக்கொண்டாள். எனக்கு அந்த ஒரு டம்ளர் போதும்.)

"மேடம், எது எதுன்னு எனக்கு வாசனையிலயே தெரியுது. இது செல்லாது."

மறுநாள் அறிக்கை போயாக வேண்டும். விஞ்ஞானி கண்ணாடியைக் கழற்றினார். "வேற யாருக்கும் தெரியாதே?"

"எனக்குத் தெரியுதே, மேடம்."

விஞ்ஞானி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "இந்தக் குழாயெல்லாம் கொட்டிடுங்க. முதல்லேருந்து பண்ணுவோம். அறிக்கையை நான் தள்ளி வைக்கிறேன்."

5

புதிய குழாய்கள், புதிய எண்கள், புதிய உறை. கூடவே கொடியிலிருந்து எடுத்த நீலக் கிளிப்.* அதை மூக்கில் மாட்டிக்கொண்டு, முதலில் மண்ணாங்கட்டி வளரும் தட்டையே திறந்து முகத்தருகே பிடித்துப் பார்த்தாள். வாசனை ஒன்றும் வரவில்லை. பிறகுதான் உட்கார்ந்தாள். சக ஊழியர்கள் பத்து நிமிடம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பு தானாக அடங்கியது. வாயால் மூச்சு விட்டபடி மூன்று மணி நேரம் எண்ணினாள்.

* குழாயை வேறு யாராவது திறந்து கொடுத்திருக்கலாமே என்பீர்கள். நானும் கேட்டேன். "கண்ணாடித் துண்டுல விடுற சொட்டு கூடினாலும் குறைஞ்சாலும் கணக்கு கெட்டுப்போகும். என் கைதான் விடணும்" என்றாள். பிடிவாதக்காரி.

6

முடிவு (அ): உறையைப் பிரித்தார்கள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டும் பொருந்தியது. விஞ்ஞானி அக்காவைக் கட்டிக்கொண்...

முடிவு (ஆ): உறையைப் பிரித்தார்கள். பொருந்தவில்லை. அக்கா தன் கையாலேயே அடுப்பைப் பற்றவை...

"ரெண்டையும் அடி" என்றாள் அக்கா.

"அப்போ கதைக்கு முடிவு?"

"உறை அவங்க வேலைடா. எண்ணுறது என் வேலை. அது முடிஞ்சுபோச்சு."

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. சொன்னால், மருந்து கிடைத்ததால்தான் இவன் அக்காவைப் பற்றிப் பீற்றிக்கொள்கிறான் என்று நினைப்பீர்கள். அல்லது கிடைக்காததால் தேற்றுகிறான் என்பீர்கள். எனக்குப் பெருமை ஏழாவது குழாயிலேயே வந்துவிட்டது. ஊரைக் கூட்டித் தம்பட்டம் அடிக்கத்தான் இத்தனையும் எழுதினேன்.

ஆய்வகத்தில், எண்ணி முடித்த அக்கா கிளிப்பைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டாள். மூக்கின் இரு பக்கமும் சிவந்திருக்கிறது. எண்ணிக்கைத் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு, இனி ஓர் எண்ணையும் மாற்ற முடியாதபடி விஞ்ஞானியிடம் கொடுத்துவிட்டாள்.

உறை இதோ, உங்கள் கையில். பிரித்துக்கொள்ளுங்கள்.